மாசமாக இருந்த படகு

வள்ளூருக்குப் பின்னால், பக்கிங்காம் கால்வாயின் பழைய படகுத்துறையில், ஒரு இரும்புப் படகு சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. மண்ணை வாரி எடுக்கிற தூர்வாரிப் படகு. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் அந்த வழியாகப் போய்வந்த காலம் முடிந்த பிறகு, கால்வாயை ஆழப்படுத்த யாரோ கொண்டுவந்து, ஆழப்படுத்தாமலே விட்டுவிட்டுப் போனது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, லாரியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டி உலைக்கு அனுப்பும் வேலை என்னிடம்தான் கொடுக்கப்பட்டது. படகு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. என் தாடிதான் காரணம் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். தாடி மட்டும் காரணமில்லை.

நான் பழைய இரும்பு வெட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. கேஸ் கட்டரைப் பற்றவைத்தால் கப்பலையே கத்தரிக்காய் போல நறுக்குவோம் என்று பீற்றிக்கொள்கிறவன். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன் என்றும் பெயர் உண்டு. அந்த மார்கழியில் எனக்கு முகத்தை மறைக்கிற தாடி. கேஸ் வெட்டும் இடத்தில் தாடி வைப்பதைப் போலப் புத்திகெட்ட காரியம் வேறு கிடையாது. நாளுக்கு ஒரு பொறி வந்து விழும், ஒரு கொத்து மயிர் பொசுங்கும், நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டுவேன். ஆனால் பொண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் சவரம் செய்யக்கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது.

என் மனைவி இந்த வழக்கங்களுக்குத் தலையாட்டுகிற ரகம் இல்லை. கெமிஸ்ட்ரி படித்தவள், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை. கல்யாணமான மறுவருஷம் அவள் உண்டானபோது, திருவாலங்காட்டிலிருந்து என் அம்மா ஒரு தாயத்தைக் கொடுத்தனுப்பினாள். அதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவள் இவள். அந்தக் கரு மூன்றாம் மாசத்தில் கலைந்தது. அடுத்ததும் அதே மூன்றாம் மாசத்தில். மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனதும் அவள் சிரிக்கவே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் என்னை உட்காரவைத்து, "மாமா, இந்த தபா எல்லா சாங்கியமும் பாக்கப்போறோம். எல்லாம் உனுக்குத்தான்" என்றாள்.

சவரம் கூடாது, முடி வெட்டக்கூடாது, தேங்காய் உடைக்கக்கூடாது, பிணத்துக்குத் தோள் கொடுக்கக்கூடாது, பாம்பை அடிக்கக்கூடாது, பச்சை மரத்தை வெட்டக்கூடாது, யார் வீட்டையும் இடிக்கக்கூடாது. லேபில் சோதனை முறை எழுதுகிறவள் அல்லவா, ஒன்று விடாமல் சொன்னாள். நான் இரும்பு வெட்டுகிறவன், இதில் எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். பிறகுதான் அந்தப் படகு வந்து சேர்ந்தது.

எங்கள் வேலையில் முதல் நாள் வெட்டுவதில்லை. சுற்றிப் பார்ப்போம். டேங்கில் எண்ணெய் மிச்சம் இருக்கிறதா, எங்கேயாவது கேஸ் அடைந்திருக்கிறதா என்று பார்த்து, நெருப்பு படக்கூடாத இடத்தில் மாக்கட்டியால் வட்டம் போடுவோம். வெட்டவேண்டிய இடத்தில் கோடு போடுவோம். என்னோடு வந்தவர் கட்டர் அண்ணன். வள்ளூர்க்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், முப்பது வருஷமாகக் கட்டர் பிடிக்கிறவர். இரண்டு பேரும் பலகை போட்டுப் படகில் ஏறினோம். மேல்தளத்துத் தகடு பிளந்து அதில் ஒரு அரசமரம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அது முழுக்கக் குச்சிக் கூடுகள். வக்காக் கொக்கும் நீர்க்காகமும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தன.

நான் ஒரு கூட்டை எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த வக்காக் குஞ்சு என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. கழுத்தை நீட்டி, பாதி செரித்த மீனை அப்படியே என் தாடியில் கக்கியது. நான் கத்திய கத்தலில் அண்ணன் மாக்கட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து என் மனைவி போன் செய்தாள்.

"இன்னா மாமா, யாரைத் திட்டிக்கினு கீற?"

"ஒரு பறவையை. மூஞ்சி மேல வாந்தி எடுத்திடுச்சு."

"குஞ்சா?"

"ஆமா. கூடு கூடா கீது இங்க."

"கூடுன்னா ஊடுதானே" என்றாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்றிலிருந்து நானும் கட்டர் அண்ணனும் எண்ணெய்க்கும் கேஸுக்கும் போடவேண்டிய வட்டத்தைக் கூட்டுக்கும் முட்டைக்கும் போட ஆரம்பித்தோம். அரசமரத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். மண் வாருகிற வாளிக்குள் நீர்க்காகம், வட்டம். இன்ஜின் அறையில் ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டிருந்தது, வட்டம். தண்ணீர் டேங்கைத் திறந்தால் ஒரு தண்ணீர்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்துக்கொண்டு என்னை முறைத்தது. மூடியைச் சாத்தி, மூடியின் மேலேயே வட்டம் போட்டோம். சுக்கானுக்கு அடியில் வயிற்றில் முட்டையோடு ஒரு சினை நண்டு.

"நண்டும் சேர்த்தியா?" என்று மனைவியிடம் போனில் கேட்டேன்.

"நண்டு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

தினமும் காலையில் லோக்கல் ட்ரெயினில் அத்திப்பட்டுக்கு வந்து இறங்கும்போதே அவள் போன் வரும். எல்லாப் புருஷனுக்கும் சாப்பிட்டியா என்று போன் வரும், எனக்கு "இன்னிக்கு எத்தினி பேரு மாசமா?" என்று வரும். பெட்டியில் நிற்கிற ஆட்கள் காதில் விழாமல், "பதினாலு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சொல்வேன்.

நான்கு நாளில் நாங்கள் வெட்டியது கைப்பிடிக் கம்பி இரண்டு நீளம், ஒரு நங்கூரச் சங்கிலி. அவ்வளவுதான். ஐந்தாம் நாள் கட்டர் அண்ணன் பொறுமை இழந்தார். "தம்பி, எனக்கு இந்த சாங்கியம் ஒண்ணியும் கிடையாது. எங்க ஊட்டுல மாசமாவும் யாரும் இல்ல. நீ தள்ளிப் போய் டீ குடி. நான் வெட்டுறேன். ஆனா நீ ஒரு வார்த்த சொல்லணும். நாளைக்கு முதலாளி கேட்டா, மேஸ்திரி சொன்னான் வெட்னேன்னு நான் சொல்லணும் இல்ல?"

நியாயம்தான். ஆனால் சொன்னவனுக்குப் பாவமா, வெட்டியவனுக்குப் பாவமா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவிக்கு போன் போட்டேன். வாயால் சொன்னாலும் கையால் செய்த மாதிரிதான் என்றாள். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினால் என்று கேட்டேன். ஜாடையும் சொல்தான் என்றாள். அண்ணன் போனை வாங்கி, "ஏம்மா, அவன் ஒண்ணியும் சொல்லாம, சும்மா வானத்தைப் பாத்துக்கினு நின்னா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் அவள் நிஜமாகவே யோசித்தாள். எதுக்காக வானத்தைப் பார்க்கிறான் என்பதைப் பொறுத்தது என்று பதில் வந்தது. அண்ணன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

மேஸ்திரி என்றால் வெட்டு, தூக்கு, இறக்கு என்று நாளெல்லாம் கத்துகிறவன். அந்த வாரம் முழுக்க நான் வெட்டு என்ற வார்த்தையைச் சொல்லாமல் மேஸ்திரி வேலை பார்த்தேன்.

லாரி வரவில்லை என்றதும் முதலாளியே நேரில் வந்தார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர். வெள்ளை காரை மண்மேட்டில் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் ஏறினார். படகு முழுக்க வட்டம். எங்கே பார்த்தாலும் வட்டம். பார்த்துவிட்டு, "இன்னா நைனா இது? இரும்பு வெட்டச் சொன்னா கோலம் போட்டுவெச்சிக்கீற?" என்று கத்தினார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் கிடந்த பெரிய குழாயை ஒரு உதை விட்டார். குழாய் டங்கென்று அதிர்ந்தது. குழாயின் வாயிலிருந்து ஒரு ஆந்தை தலையை வெளியே நீட்டி, முதலாளியின் முகத்தை ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பார்த்தது. அதன் பின்னாலிருந்து குஞ்சுகள் கிறீச்சென்று கத்தின.

முதலாளி மடித்துக் கட்டிய வேட்டியை மெதுவாக இறக்கிவிட்டார். செருப்பைக் கழற்றினார். பிறகு என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "மருமவளுக்கு அஞ்சாம் மாசம் நைனா" என்றார்.

"அப்போ வேலைய நிறுத்திடலாமா?"

"நிறுத்துன்னு நான் சொல்லல. செய்யின்னும் சொல்லல. நான் இங்க வரவே இல்ல. நீ என்னைப் பாக்கவே இல்ல." குழாய் இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார். கார் மீஞ்சூரைத் தாண்டியிருக்காது, போன் வந்தது. நாளைக்கு ஒரு ஆள் வருவான், கல்யாணமாகாதவன், முன்னும் பின்னும் யாரும் இல்லாதவன், அவன் பார்த்துக்கொள்வான் என்றார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். யாரும் அனுப்பவில்லை, தானாகவே வந்தான் என்றார்.

தானாகவே வந்தவர் ஒடிசாக்காரர். நாற்பது வயதிருக்கும். எஸ்டேட்டில் தகர ஷெட்டில் எட்டுப் பேரோடு தங்கியிருக்கிறார், அதனால் முதலாளி அவரைப் பிரம்மச்சாரி என்று முடிவு கட்டியிருக்கிறார். வந்ததும் ஹோஸை மாட்டினார், கண்ணாடியைப் போட்டார். வட்டங்களைப் பார்த்து, "அண்ணா, இது இன்னா ரவுண்டு?" என்றார். எனக்கு இந்தி சுத்தமாக வராது. என் வயிற்றின் மேல் கையை வைத்து, காற்றில் ஒரு பெரிய வயிறு வரைந்து காட்டினேன். அவர் பையில் தேடி அஜீரண மாத்திரை எடுத்துக் கொடுத்தார். கட்டர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அவரைக் கூட்டிப்போய் நாய்க்குட்டிகளைக் காட்டினார், நீர்க்காகத்தைக் காட்டினார், திரும்பி வந்து என் தாடியையும் பிடித்துக் காட்டினார்.

ஒடிசாக்காரருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஏதோ ஒரு ஊரில், நீல வாசற்படியில், நிறைமாசமாக ஒரு பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டு, என் கையிலிருந்த மாக்கட்டியை வாங்கிக்கொண்டு படகைச் சுற்றி நடந்தார். கேபினுக்குப் பின்னால், நாங்கள் பார்க்காமல் விட்ட இடத்தில் ஒரு வக்காக் கூடு இருந்தது. அதற்கு ஒரு வட்டம் போட்டார். எங்களுடையதைவிட நல்ல வட்டம்.

அன்று மதியம் மூன்று பேரும் நாய்க்குப் பன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மனைவி போன் செய்தாள். எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

"மாமா, ரத்தம் பட்டுக்கீது. பொன்னேரி நர்சிங் ஹோமுக்குப் போய்க்கினு கீறேன். நீ வந்துடு."

கணக்குப் பார்க்காமலே தெரிந்தது, மூன்றாம் மாசம். கட்டர் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து அத்திப்பட்டு ஸ்டேஷனில் விட்டார். ட்ரெயினில் ஏறி நின்ற பிறகுதான் பார்த்தேன், தகடு தட்டிப் பார்க்கிற சுத்தியல் கையிலேயே இருந்தது. பொசுங்கிய தாடியும் சுத்தியலுமாக நின்ற என்னைப் பார்த்து, பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்து யோசித்தேன். எதை உடைத்தோம், எங்கே தப்பு நடந்தது? நண்டுகூட அங்கேயேதான் இருக்கிறது. அப்போது அந்தக் கைப்பிடிக் கம்பி ஞாபகம் வந்தது. வெட்டும்போது உள்ளேயிருந்து எறும்புகள் சாரைசாரையாக ஓடிவந்தன, வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு. எறும்புக்கு நாங்கள் வட்டம் போடவில்லை. எறும்பை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நந்தியம்பாக்கத்திலிருந்து பொன்னேரி வரைக்கும் நான் அந்த எறும்புகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அவள் ஸ்கேன் அறைக்கு வெளியே கட்டிலில் படுத்திருந்தாள். டாக்டர் வரவேண்டும் என்றார்கள். நான் போனவுடன், "நான் ஒண்ணியும் ஒடைக்கல. சத்தியமா. எறும்பு மட்டும்தான். முட்டை தூக்கிக்கினு ஓடுச்சு, நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு அழுதேன். சுத்தியல் கையிலேயே இருந்தது.

அவள் என்னையே பார்த்தாள். "எறும்பா?" என்றாள்.

"ஆமா."

"லூஸு மாமா நீ." மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுல எல்லாம் ஒண்ணியும் இல்ல. எனக்குத் தெரியும். எனக்கு எப்பவுமே தெரியும்."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ நாளு?"

"போன ரெண்டு தபாவும் எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க. இன்னா தின்ன, எதுல ஏறுன, எதைத் தூக்குனன்னு. உன்னை ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. இந்த தபாவும் போச்சுன்னா, தப்பு உன் பக்கம் கொஞ்சம் இருக்கட்டும்னு நெனச்சேன். நான் ஒருத்தியே தூக்க முடியல மாமா."

ஒருத்தரும் என்று அவள் சொன்னதில் நானும் உண்டு. முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோவில், "லேப்ல எதுனா கனமா தூக்குனியா?" என்று கேட்டது நான்தான். அவள் இல்லை என்றாள். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை கேட்டேன். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. மன்னிச்சிரு என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார்.

துடிப்பு இருந்தது. டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புகைமூட்டம், அதன் நடுவில் அரிசி அளவுக்கு ஏதோ ஒன்று விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. ரத்தப்போக்கு சில பேருக்கு இப்படி வரும், காரணம் என்று ஒன்றும் சொல்ல முடியாது, நீங்கள் எதுவும் செய்யவில்லை, படுத்து ஓய்வெடுங்கள் என்றார். அந்தத் துடிப்புக்கு இப்போது இரண்டு வயது. வீட்டில் ஒரு ரிமோட்டையும் உருப்படியாக விட்டுவைக்கவில்லை. படகுக்கு நான் திரும்பப் போகவில்லை, முதலாளியும் மருமகளுக்குப் பிரசவம் ஆகிறவரை யாரையும் அனுப்பவில்லை. அதற்குள் ஆந்தை அடுத்த ஈடு முட்டை போட்டிருந்ததாகக் கட்டர் அண்ணன் சொன்னார்.

ஆனால் அன்று இதெல்லாம் தெரியாது. அவளைத் திரும்பக் கட்டிலுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது திருவாலங்காட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னாடா ஆச்சு? அவ எதுனா தின்னாளா? பப்பாளி கிப்பாளி? வண்டியில ஏறுனாளா? நான் தலபாடா அடிச்சிக்கினேனே, வேலைக்குப் போவ வேணான்னு."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா பேசுவது அவளுக்குக் கேட்கிறது என்று தெரிந்தது.

"அவ ஒண்ணியும் பண்ணலம்மா. நான்தான்."

"நீ இன்னா பண்ண?"

"படகுல ஒரு கூடு இருந்துச்சு. ஒடச்சிட்டேன்."

அம்மா ஆரம்பித்தாள். அறிவிருக்கா, மனுசனா நீ, வாயில்லாத ஜீவன் ஊட்டை இடிக்கலாமா, புள்ளத்தாச்சிய ஊட்ல வெச்சிக்கினு கையைக் காலை அடக்கி வெச்சிக்கத் தெரியாதா, அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணா உன்னைக் கட்டிக்கினு. நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம்மா, தப்புதாம்மா என்றேன். அம்மா நடுவில் நிறுத்தி, "கூட்டுல முட்டை இருந்துச்சாடா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

"எத்தினி?"

நான் கட்டிலைப் பார்த்தேன். "ரெண்டு" என்றேன்.

அம்மா அழுதுகொண்டே மறுபடியும் முதலிலிருந்து என்னைத் திட்ட ஆரம்பித்தாள். என் மனைவி கண்ணைத் திறக்காமல், ஊசி போடாத கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஸ்பீக்கர்ல போடு மாமா" என்றாள்.